நாக் அவுட் ஆனால் கோடு விழும்

அமெரிக்காவில் யார் என்ன டிவி பார்த்தார்கள் என்று சென்னையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை ஒன்று உண்டு என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. ஓஎம்ஆரில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் சில வருடங்கள் நான் அதைத்தான் செய்தேன். அங்குள்ள ஒரு விளையாட்டுச் சேனலுக்காக, டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் எண்களை வாங்கி, சரிபார்த்து, ரிப்போர்ட்டாக்கி அனுப்ப வேண்டும். கூடைப்பந்து, பேஸ்பால், கார் பந்தயம் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. குத்துச்சண்டை மட்டும் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த பங்கு. அங்கே சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை அல்லவா? புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள்.

டிவி உள்ள மொத்த வீடுகளில் எத்தனை சதவீதம் பார்த்தது என்பது ரேட்டிங். அந்த நேரத்தில் டிவியைப் போட்டிருந்த வீடுகளில் எத்தனை சதவீதம் என்பது ஷேர். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். முதலில் பெரிய நகரங்களின் எண் வரும், நாடு முழுவதற்குமான எண் பின்னால் வரும், அதற்குள் மேலிடத்தில் இருந்து நாலு மெயில் வந்துவிடும். சரி, அது எந்த ஆபீஸிலும் உள்ளதுதான். எனக்கு ருசித்தது நிமிடக் கணக்கு. ஒவ்வொரு நிமிடமும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வரைந்து பார்த்தால், மற்ற விளையாட்டுகளின் கோடு மேடும் பள்ளமுமாகப் போகும். குத்துச்சண்டையின் கோடு தவழ்ந்து தவழ்ந்து ஏறும். முதலில் வரும் துணைச் சண்டைகளைப் பார்க்க அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பெரிய ஆட்கள் வளையத்துக்கு நடந்து வரும்போது கோடு நிமிரும். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், ஏனென்றால் பார்ப்பவன் நண்பனுக்குப் போன் போட்டு, "டேய், டிவியைப் போடு" என்கிறான்.

ஒருமுறை என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்த டீம் லீட், "என்னப்பா, கோடு இங்கே செங்குத்தா விழுது? டேட்டா கட் ஆயிடுச்சா? மறுபடி இறக்கிப் பாரு" என்றார்.

"டேட்டா சரிதான் பாஸ். ரெண்டாவது ரவுண்டுல நாக் அவுட்."

"அதுக்குள்ளேயா? அப்ப ஆவரேஜ் போச்சு."

ரசிகனுக்குக் கொண்டாட்டமான முடிவு சேனலுக்குப் பெரும்பாலும் நஷ்டம். ரேட்டிங் என்பது உச்சத்தை வைத்துப் போடுவதில்லை, மொத்த ஒளிபரப்பின் சராசரி அது. பன்னிரண்டு சுற்றும் நீடிக்கும் சண்டை, பார்க்கச் சலிப்பாக இருந்தாலும், சராசரியைத் தூக்கும். அதைவிட விளம்பரக் கணக்கு இன்னும் கறார். சுற்றுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் முப்பது விநாடி விளம்பரம் இரண்டு கச்சிதமாக உட்காரும். பன்னிரண்டு சுற்றுக்குப் பதினோரு இடைவேளை. முதல் சுற்றிலேயே ஒருவர் விழுந்தால் பதினோரு இடைவேளையும் காலி. அவற்றில் விற்ற விளம்பரங்களை வேறெங்காவது போட்டு ஈடுகட்ட வேண்டும். இதற்கு மேக்குட் என்று பெயர். திங்கட்கிழமை விற்பனைப் பிரிவு எழுதும் மெயிலின் தொனியை வைத்தே எத்தனையாவது சுற்றில் சண்டை முடிந்தது என்று சொல்லிவிடலாம்.

டிவியும் குத்துச்சண்டையும் சேர்ந்து வளர்ந்ததற்கு இந்த ஒரு நிமிடமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். 1940களில் இருந்து 1960 வரை அமெரிக்காவின் என்பிசி சேனலில் வெள்ளி இரவுச் சண்டைகளுக்குப் பணம் போட்டது ஜில்லெட். ஆண்கள் பார்க்கிறார்கள், ஆண்கள் சவரம் செய்கிறார்கள், கணக்கு முடிந்தது. வீட்டிலேயே இலவசமாகப் பார்க்க முடிந்ததால் சின்ன ஊர் அரங்குகளில் கூட்டம் கரைந்தது தனிக் கதை.

பன்னிரண்டு சுற்று என்பதும் பழைய வழக்கமல்ல. 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் ரே மான்சினியும் கொரியாவின் கிம் டக்-கூவும் மோதியதை சிபிஎஸ் சேனல் நேரடியாகக் காட்டியது. பதினான்காவது சுற்றில் விழுந்த கிம் சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகு, உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி பட்டப் போட்டிகளைப் பதினைந்தில் இருந்து பன்னிரண்டு சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் அதே வழிக்கு வந்தன. ஓர் உயிர் போனதால் வந்த மாற்றம் அது, சந்தேகமில்லை. ஆனால் என் மாதிரி ஆட்களின் மூளை வேறொன்றையும் கூட்டிப் பார்க்கும். பதினைந்து சுற்றென்றால் ஓய்வையும் சேர்த்து 59 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் அறிமுகம், அறிவிப்பு, முடிவு எதற்கும் இடமில்லை. பன்னிரண்டென்றால் 47 நிமிடம், அழகாக அடங்கும். இப்படி யோசிக்க வைத்த வேலையை நினைத்து அப்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அமெரிக்க இரவுக்காகத் தூக்கம் கெட்டவன் நான் மட்டுமில்லை என்பதில் ஒரு ஆறுதல். 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதியது அந்த ஊர் நேரப்படி அதிகாலை நாலு மணி வாக்கில். அடுத்த வருடம் மணிலாவில் அலியும் ஃப்ரேசியரும் காலை வெக்கையில் வெந்தார்கள். 2017இல் பிரிஸ்பேனில் பாக்கியாவோவும் ஜெஃப் ஹார்னும் சண்டை போட்டது பட்டப்பகலில். எல்லாம் அமெரிக்காவில் ஆள் விழித்திருக்கும் நேரத்துக்காக.

ரிப்போர்ட்டை அனுப்பியதும் வேலை முடிந்துவிடாது. விளம்பரத் துறை ஒரு வரி கேட்கும்: "எதற்குப் பிறகு இதுதான் அதிகம்?" இன்ன வருடத்துக்குப் பிறகு அதிகம் பேர் பார்த்த சண்டை என்று எழுத வேண்டுமாம். மொத்தப் பார்வையாளரில் கிடைக்கவில்லையா, 18 முதல் 49 வயது ஆண்களில் தேடு. அதிலும் இல்லையா, அந்த மாதத்துச் சனிக்கிழமைகளை மட்டும் எடு. சராசரி சரியில்லையா, உச்ச நிமிடத்தைப் போடு. பொய் ஒரு வரிகூட இருக்காது. எல்லாம் உண்மையான எண், எடுத்த இடம் மட்டும் நமக்குச் சாதகமானது. எத்தனை மோசமான இரவுக்கும் ஒரு "அதற்குப் பிறகு" கிடைக்கும் என்பது என் அனுபவம்.

குத்துச்சண்டையில் பெரிய பணம் எங்கள் ரேட்டிங்கில் இல்லவே இல்லை என்பது போகப் போகத்தான் உறைத்தது. விளம்பரம் போடும் சேனலுக்கு நிறையப் பேர் நிறைய நிமிடம் பார்க்க வேண்டும். எச்பிஓ மாதிரி சந்தாச் சேனலுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, இதற்காக எத்தனை பேர் சந்தாவை விடாமல் கட்டுகிறார்கள் என்பது முக்கியம். ஒரு சண்டைக்கென்று தனியாகக் காசு கட்டிப் பார்க்கிற பே-பர்-வியூவுக்கு அதுவும் தேவையில்லை, ஒரு வீடு ஒருமுறை வாங்கினால் போதும். சோபாவில் மூன்று பேர் இருந்தாலும் முப்பது பேர் இருந்தாலும் காசு ஒன்றுதான்.

2015 மே 2 அன்று மேவெதரும் பாக்கியாவோவும் மோதிய இரவை இதற்குச் சாட்சியாகச் சொல்வேன். விலை 89.95 டாலர், எச்டி வேண்டுமானால் இன்னும் பத்து டாலர். கடைசி நேரத்தில் வாங்குகிறவர்களின் நெரிசலில் கேபிள் அமைப்புகள் திணறி, சண்டையே தாமதமாகத் தொடங்கியது. 46 லட்சம் விற்பனை, 40 கோடி டாலருக்கு மேல் வசூல். அந்த வருடம் உலகமே பேசிய சண்டை அதுதான், எங்கள் ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு வரிசைகூட இல்லை. பே-பர்-வியூ விற்பனையை எங்கள் எண்கள் அளப்பதில்லை. சண்டையை ஏற்பாடு செய்கிறவர்களும் ஒளிபரப்பாளர்களும் சொல்வதுதான் கணக்கு.

அதே வருடம் மார்ச்சில், குத்துச்சண்டை வீரர்களின் ஆலோசகரான அல் ஹேமன் நேரெதிர்த் திசையில் போய்ப் பார்த்தார். வழக்கமாகச் சேனல் பணம் கொடுத்து உரிமை வாங்கும்; இவர் சேனலுக்குப் பணம் கொடுத்து நேரத்தை வாங்கினார். முப்பது வருடத்துக்குப் பிறகு என்பிசியின் சனி இரவு பிரைம் டைமில், இலவசமாக, குத்துச்சண்டை. தர்மனும் குரேரோவும் மோதிய அந்த முதல் இரவுக்கு ஏறக்குறைய 34 லட்சம் பேர். நாற்பதாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் பழகியிருந்த எங்களுக்கு அது பெரிய எண். ஆனால் நேரத்துக்குக் கொடுத்த பணத்தை விளம்பரத்தில் திரும்ப எடுக்க அது போதவில்லை. பணம் தீர்ந்ததும் பெரிய சண்டைகள் மறுபடி கட்டணத்துக்குள் போய்விட்டன. நல்லதையெல்லாம் பூட்டி வைத்தால் பத்து வயதுப் பையன் எதைப் பார்த்து ரசிகனாவான் என்று டீக்கடையில் நண்பர்களிடம் புலம்பியிருக்கிறேன். அவர்களுக்கு ஐபிஎல் கவலை.

எச்பிஓ 1973இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த ஃப்ரேசியர்-ஃபோர்மன் சண்டையோடு தொடங்கிய குத்துச்சண்டைப் பயணத்தை 2018 டிசம்பரில் முடித்துக்கொண்டது. நிர்வாகம் சொன்ன காரணம், சந்தா கட்டுவதைத் தீர்மானிக்கும் விஷயமாகக் குத்துச்சண்டை இப்போது இல்லை என்று தங்கள் பார்வையாளர் ஆய்வு காட்டுகிறது என்பது. அதைப் படித்தபோது, எங்களைப் போல எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் போட்ட எக்செல்தான் இது என்று தோன்றியது. ஐந்து வருடம் கழித்து இன்னொரு சந்தாச் சேனலான ஷோடைமும் குத்துச்சண்டையை நிறுத்திவிட்டது.

2024 நவம்பரில் டைசனும் ஜேக் பாலும் மோதியதைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் நெட்ஃபிளிக்ஸ் காட்டியது. நம்மூருக்குச் சனிக்கிழமை காலை. துணைச் சண்டையில் ஹரியானாவின் நீரஜ் கோயத்தும் இருந்தார். படம் நடுநடுவே சுற்றிக்கொண்டே நின்றது. எட்டு சுற்று, சுற்றுக்கு இரண்டே நிமிடம். 58 வயது டைசனுக்கு மூன்றாவது சுற்றுக்கு மேல் கால் நகரவில்லை. உலகம் முழுக்க 10.8 கோடிப் பேர் நேரலையில் பார்த்தார்கள் என்றது அந்த நிறுவனம். பழைய சகா ஒருவர் போன் செய்து, "இதை நம்ம பழைய லிஸ்ட்ல எந்த வரிசையில வைக்கிறது?" என்றார். வைக்க முடியாது. இது உலகத்துக்கான எண், அதையும் ஒளிபரப்பியவர்களே வெளியிட்டது. அமெரிக்க வீடுகளின் நிமிடச் சராசரி வேறு சங்கதி.

எனக்கு அந்த நிமிடக் கோட்டைப் பார்க்க வேண்டும். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எத்தனை பேர் எழுந்து போனார்கள், எத்தனை பேர் கடைசி மணி வரை இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். நொடிக்கு நொடி அது அவர்களிடம் இருக்கும். வெளியே தரமாட்டார்கள்.