வீடு தேடும் மாதம்

மார்ச் 3, 2024, ஞாயிறு

நியூ ஜெர்சியின் பரமஸ் ஊர் வரை போய் வெறுங்கையோடு திரும்பினோம். மகளுக்கு ஷூ வாங்க எடிசனிலிருந்து கிளம்பி கார்டன் ஸ்டேட் பிளாசா மாலுக்குப் போனால், சினிமா தியேட்டரும் சாப்பாட்டுக் கடைகளும் மட்டும் திறந்திருந்தன. பரமஸ் இருக்கும் பெர்கன் கவுன்டியில் ஞாயிற்றுக்கிழமை துணி, செருப்பு, மேசை நாற்காலி, டிவி எதுவும் விற்கக் கூடாதாம். 1993-இல் இந்தத் தடையை எடுத்துவிடலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது, இருக்கட்டும் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். வாரத்தில் ஒரு நாளாவது சாலையில் நெரிசல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

காலியான பார்க்கிங்கில் மகள் ஓடி விளையாடினாள். அந்த இடத்தின் அகலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செலரி விளைந்த பூமி இது. 4-ஆம் எண் சாலையும் 17-ஆம் எண் சாலையும் சந்திக்கும் இந்த ஊரில் 1957-இல் மட்டும் இரண்டு பெரிய மால்கள் திறந்தன. அதுவரை துணியெடுக்க ஹேக்கன்சாக், பேட்டர்சன், நியூவார்க் என்று கடைத்தெருவுக்குப் போன குடும்பங்கள் அப்புறம் இங்கே வர ஆரம்பித்தன.

நாங்கள் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊர்கள் எப்படி உருவாயின என்று தெரியாமல் முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. இந்த மாதம் படிப்பதையும் பார்ப்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, புதன்

ரேஷன் கார்டு என்றால் நமக்கு யாரும் விளக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு ரேஷன் புத்தகம் இருந்தது. சர்க்கரை, காபி, இறைச்சி, டயர் எல்லாவற்றுக்கும் அளவு. விலைக் கட்டுப்பாட்டு அலுவலகம் பெரும்பாலான பொருள்களுக்கு உச்ச விலை வைத்தது. அந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன் என்று இல்லத்தரசிகள் உறுதிமொழி எடுத்தார்கள். தன்னார்வலர்களாகக் கடை கடையாகப் போய் விலைப் பட்டியலைச் சரிபார்த்தவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். குறைவாகவும் நியாயமான விலையிலும் வாங்குவதுதான் அப்போது தேசபக்தி.

1946-இல் எல்லாம் தலைகீழானது. கோடையில் கட்டுப்பாடு காலாவதியாகி விலை எகிறியது. மறுபடி கட்டுப்பாடு கொண்டுவந்ததும் மாடு வளர்ப்பவர்கள் மாடுகளைச் சந்தைக்கு அனுப்பவில்லை. இறைச்சிக் கடைகள் காலி. அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ட்ரூமன் இறைச்சி மீதான கட்டுப்பாட்டை நீக்கினார். மூன்று வாரத்தில் வந்த தேர்தலில் அவர் கட்சி நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளையும் இழந்தது.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் 113 நாள் வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூதர் கேட்டது சாதாரணக் கூலி உயர்வு இல்லை. கூலியை 30 சதவீதம் ஏற்று, ஆனால் கார் விலையை ஏற்றாதே. முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு என்றார். கடைசியில் கிடைத்தது மணிக்கு 18.5 சென்ட். புத்தகம் திறக்கவே இல்லை. 1950-இல் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் விலைவாசிக்கேற்ற கூலியும் ஓய்வூதியமும் வந்தன. அது பெரிய லாபம்தான். ஆனால் என்ன விலைக்கு விற்பது, எவ்வளவு லாபம் வைப்பது என்ற கேள்வியைத் தொழிலாளி அதற்கப்புறம் கேட்கவில்லை. எல்லோரும் நிறைய வாங்கினால் எல்லோருக்கும் வேலை, எல்லோருக்கும் வசதி என்ற ஏற்பாட்டுக்குள் அவரும் வந்துவிட்டார். பாதை பிரிந்த இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 9, சனி

டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியா லெவிட்டவுன் போய் வந்தோம். ஒரு பகுதிக்குள் நுழைந்தால் எல்லாத் தெருப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகிறது. 1952-க்கும் 1958-க்கும் இடையில் கட்டிய 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூரையை உயர்த்தியும் அறை சேர்த்தும் இத்தனை ஆண்டுகளில் ஆளுக்கொரு விதமாக மாற்றியிருக்கிறார்கள். மனைவி ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள்.

இந்த ஊரைக் கட்டிய வில்லியம் லெவிட் இதற்கு முன்பே, 1947-இல், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் தொடங்கிவிட்டார். கார் தொழிற்சாலையில் ஆள் நிற்பார், கார் நகரும். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். தளம் போட ஒரு குழு, சுவர்ச் சட்டம் நிறுத்த ஒரு குழு. ஒருவர் வெள்ளைப் பெயின்ட் மட்டும் அடிப்பார், இன்னொருவர் சிவப்பு மட்டும். வேகம் பிடித்தபோது ஒரே நாளில் 30 வீடுகள் முடிந்தன. 1949-இல் ஒரு வீடு 7,990 டாலர். அடுப்பு, ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் வீட்டோடு சேர்த்தி. 1950-இல் வந்த மாடலில் மாடிப்படிச் சுவருக்குள்ளேயே டிவி. போரிலிருந்து திரும்பியவர் முன்பணம் இல்லாமல் வாங்கலாம்; 1944-இன் ஜி.ஐ. சட்டப்படி கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. கட்டும் வட்டிக்கு வரிக்கழிவும் உண்டு. 1940-இல் சொந்த வீட்டில் இருந்த குடும்பங்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. 1960-இல் 62 சதவீதம். உழைக்கும் மக்கள் இத்தனை பேருக்குக் கூரை கிடைத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் லாங் ஐலண்டில் முதலில் போட்ட குத்தகைப் பத்திரத்தின் 25-ஆம் பிரிவு: வெள்ளையர் அல்லாத யாரும் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. வேலைக்காரர்கள் மட்டும் இருக்கலாம். கடனுக்குக் காப்பீடு கொடுத்த எஃப்.எச்.ஏ. என்ற அரசு அமைப்பே இப்படிப்பட்ட நிபந்தனைகளைப் பல ஆண்டுகள் பரிந்துரைத்து வந்தது. இவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் லெவிட் கறுப்பினத்தவருக்கு விற்கவில்லை. வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இனப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முடியாது என்பது அவர் சொன்ன சமாதானம்.

டீப்கிரீன் லேன் என்ற தெருவில் காரை நிறுத்தினேன். 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி குழந்தைகளோடு இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தார்கள். கணவர் போரில் பணியாற்றியவர், மனைவி படித்தவர். லெவிட் விற்காததால், முன்பிருந்த உரிமையாளரிடமிருந்து வாங்கினார்கள். இரவானால் நூற்றுக்கணக்கில் கூட்டம் கூடியது. கல்லெறிந்தார்கள், ஜன்னல் உடைந்தது, ஒரு போலீஸ்காரர் கல்லடி பட்டு மயங்கி விழுந்தார். மாநில போலீஸ் வந்துதான் கூட்டத்தைக் கலைத்தது. மையர்ஸ் குடும்பம் ஓடவில்லை. துணைக்கு வந்து உட்கார்ந்த அக்கம்பக்கத்தவரும் இருந்தார்கள். 1999-இல் அந்தத் தெரு இருக்கும் பிரிஸ்டல் டவுன்ஷிப்பின் மேயர் டெய்சியிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நாற்பத்திரண்டு வருடம் கழித்து.

தெரு அமைதியாக இருந்தது. யாரோ புல்வெளியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது நாங்கள் அதிகம் பேசவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

வங்கியிலிருந்து வீட்டுக் கடனுக்கு ப்ரீ-அப்ரூவல், அதாவது முன் ஒப்புதல், வந்தது. எனக்கு இந்த நாட்டில் வாக்குரிமை கிடையாது, கிரீன் கார்டு மட்டும்தான். ஆனால் வந்த முதல் வருடமே கிரெடிட் ஸ்கோர் இருந்தது.

1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் போர்வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த வீடு, தொழில், பண்ணைக் கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. ஜி.ஐ. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடன் கொடுப்பது உள்ளூர் வங்கி. அங்கேதான் கதவு மூடியது. பெண் என்பதற்காகவோ மணமானவர் என்பதற்காகவோ கடன் மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1974-இல்தான். படிவத்தில் மனைவியின் கையெழுத்தும் என் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 15, வெள்ளி

62 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் ஜனாதிபதி கென்னடி நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார்: பாதுகாப்பு, தகவல், தேர்வு, தன் குரல் கேட்கப்படுதல். உலகம் முழுக்க நுகர்வோர் தினம் இன்று வருவது அதனால்தான். நுகர்வோர் என்றால் நாம் எல்லோரும்தான் என்று அந்தச் செய்தி ஆரம்பிக்கிறது.

எல்லோருமா என்று கேட்டவர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்பே கிரீன்ஸ்பரோவில் உட்கார்ந்திருந்தார்கள். 1960 பிப்ரவரி 1, வட கரோலினா. ஜோசஃப் மெக்நீல், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், எஸெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், நால்வரும் கல்லூரி முதலாண்டு மாணவர்கள். வுல்வொர்த் கடையில் பற்பசை மாதிரிச் சில்லறைச் சாமான் வாங்கி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதே கடையின் சாப்பாட்டுக் கவுன்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அந்தக் கவுன்டர் வெள்ளையருக்கு மட்டும். அங்கே என் காசை வாங்கினாய், இங்கே ஏன் வாங்க மாட்டாய் என்ற கேள்விக்குக் கடையிடம் பதில் இல்லை. சில வாரங்களில் தெற்கு முழுக்கக் கவுன்டர்களில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஜூலை 25 அன்று அந்தக் கடை இறங்கி வந்தது. எதையும் வாங்கு, வாங்குவதுதான் உன் கடமை என்று ஒரு நாடு சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தச் சொல்லையே பிடித்து நியாயம் கேட்கலாம் என்று இந்தப் பிள்ளைகள் காட்டினார்கள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மார்ச் 16, சனி

ஷூ வாங்கியாச்சு.

மால் நுழைவாயிலில் துண்டுப் பிரசுரம் கொடுப்பவர் யாரும் இல்லை. கடைத்தெருவில் அதைச் செய்ய யாரையும் கேட்க வேண்டாம். தெரு பொது இடம். மால் தனியார் சொத்து. 1968-இல் மாலுக்குள் மறியல் செய்யலாம் என்ற உச்ச நீதிமன்றம், 1972-இலும் 1976-இலும் அதிலிருந்து பின்வாங்கிவிட்டது. ஆனால் நியூ ஜெர்சியில் 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் வேறு வழி கண்டது. வளைகுடாப் போருக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கேட்டவர்களின் வழக்கு அது. ஊர்க் கடைத்தெருவின் இடத்தை மால் பிடித்துக்கொண்டதால் கடைத்தெருவில் இருந்த பேச்சுரிமையும் அங்கே வேண்டும் என்று மாநில அரசியல் சாசனத்தை வைத்துத் தீர்ப்பளித்தார்கள். அருமையான தீர்ப்பு.

மார்ச் 17, ஞாயிறு

பார்த்த வீட்டின் சமையலறையில் மனைவி அரை மணி நேரம் நின்றாள். எனக்கு 1959 ஜூலை 24 ஞாபகம் வந்தது. மாஸ்கோ சோகோல்னிகி பூங்காவில் அமெரிக்கக் கண்காட்சி, நடுவில் ஒரு மாதிரி வீடு, அதன் சமையலறை முன்னால் அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும். ராக்கெட் பற்றிப் பேச வேண்டியவர்கள் துணி துவைக்கும் மெஷின் பற்றி வாதாடினார்கள். இந்த வீடு 14,000 டாலர், எங்கள் எஃகுத் தொழிலாளி வாங்கலாம் என்றார் நிக்சன். எங்கள் நாட்டில் பிறந்தாலே வீடு உண்டு, உங்களிடம் டாலர் இல்லாவிட்டால் தெருவில் தூங்கலாம் என்கிற மாதிரி பதில் சொன்னார் குருஷ்சேவ். அந்த எஃகுத் தொழிலாளர்கள் அன்றைக்கு நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

மார்ச் 23, சனி

நியூவார்க், மார்க்கெட் தெரு. பாம்பர்கர்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடியின் கட்டடம் அப்படியே நிற்கிறது. அந்தக் கம்பெனிதான் 1957-இல் பரமஸில் கிளை திறந்தது. இங்கே 1992-இல் மூடினார்கள்.

1967 ஜூலையில் இந்த நகரம் எரிந்தது. கறுப்பின டாக்ஸி ஓட்டுநர் ஒருவரைப் போலீஸ் அடித்ததில் தொடங்கி 26 பேர் செத்தார்கள். கூட்டம் கடைகளில் புகுந்து டிவியும் மேசை நாற்காலியும் தூக்கிப் போனதை வெறும் கொள்ளை என்றார்கள். அடுத்த வருடம் மத்திய வர்த்தக ஆணையம் வாஷிங்டன் நகரக் கடைகளை ஆராய்ந்தது. மொத்த விலையில் 100 டாலர் பெறும் பொருள் பொதுவான கடைகளில் 159 டாலர். ஏழைகளுக்குத் தவணையில் விற்கும் கடைகளில் 255 டாலர். கார் இல்லாதவர் பரமஸ் போக முடியாது, வங்கி கடன் கொடுக்காதவர் தவணைக் கடைக்காரரிடம்தான் போக வேண்டும். கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையமும் கடை, கடன் விஷயத்தில் நடந்த பாகுபாட்டைக் குறைகளில் ஒன்றாக எழுதியது.

மார்ச் 26, செவ்வாய்

தபாலில் தேர்தல் பிரசுரங்கள். 1952-இல் ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஐசனோவருக்கு இருபது விநாடி டிவி விளம்பரங்கள் எடுத்தவர் ராஸர் ரீவ்ஸ், தலைவலி மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் விளம்பரம் செய்தவர். காலை உணவுச் சீரியல் விற்பதுபோல வேட்பாளரை விற்பது ஜனநாயகத்துக்கு அவமானம் என்றார் எதிர்த்து நின்ற ஸ்டீவன்சன். 1952, 1956 என இரண்டு தடவையும் ஐசனோவரிடம் தோற்றார். பின்னால் விளம்பரக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சரக்கு என்பதை விட்டு, வயது, வருமானம், தெரு என்று மக்களைப் பிரித்து விற்கக் கற்றார்கள். அரசியலும் அதைக் கற்றது.

மார்ச் 30, சனி

மவுண்ட் லாரலில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடம் நல்லது, மனை பெரியது என்று புரோக்கர் இரண்டு தடவை சொன்னார். இந்த இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன என்று இப்போது எனக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் பள்ளிக்குப் பெரும்பங்கு ஊர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. விலை குறைந்த வீட்டில் பிள்ளைகள் அதிகம், வரி குறைவு என்பது ஊர்களின் கணக்கு. அதனால் ஊர் என்ன செய்யும்? பெரிய மனை கட்டாயம் என்று விதி வைக்கும், அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறை எண்ணிக்கையைக் குறைக்கும். நிறத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

எத்தெல் லாரன்ஸ் இந்த ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்துப் பெண். 1970-இல் அவரும் அவரைப் போன்ற ஊர்க்காரர்களும் குறைந்த வாடகை வீடுகளுக்கு அனுமதி கேட்டார்கள். இங்கே இருக்க வசதி இல்லாதவர்கள் போய்விட வேண்டியதுதான் என்று தேவாலயத்தில் வைத்தே மேயர் சொன்னார். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம், வசதி குறைந்தவர்களுக்கும் வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் இடம் விட வேண்டும் என்றது. ஊர் அசையவில்லை, 1983-இல் மறுபடி தீர்ப்பு. லாரன்ஸ் 1994-இல் காலமானார். அவர் பெயரிலான குடியிருப்பு 2000-இல் திறந்தது.

வீட்டைப் பார்த்துவிட்டு அந்தக் குடியிருப்பு வழியாக வந்தோம். மற்ற வீடுகளிலிருந்து வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சைக்கிளில் வந்த இரண்டு பிள்ளைகளுக்கு மகள் கை காட்டினாள், அவர்களும் காட்டினார்கள். புரோக்கருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இன்னும் எங்கெல்லாம் இப்படி வீடுகள் வரப்போகின்றன என்று டவுன்ஷிப் அலுவலகத்தில் கேட்க திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன்.