தமிழ் வராத மெஷின்

கோவை கணபதியில் இருக்கும் என் மைத்துனன், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஒரு சிறிய சிஎன்சி ரௌட்டரை, அதாவது கணினி சொல்கிற வழியில் மரத்தைக் குடையும் மெஷினை, வைத்திருக்கிறான். பகலில் அலுவலகம், இரவில் மரத்தில் பெயர்ப் பலகை வெட்டுவது. தை பிறந்தால் கிரகப்பிரவேச ஆர்டர்கள் குவியும். குடும்ப விசேஷங்களில் அவன் முகத்தைப் பார்ப்பதே அரிதாகிவிடும். அப்படிப்பட்டவன் தை மாதத்தில் தானாகவே தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, மெஷினுக்குத் தமிழ் வரவில்லை."

போய்ப் பார்த்தால், அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. சதுரம் வெட்டினால் கச்சிதம். கதவு எண் வெட்டினால் கச்சிதம். "அன்னை இல்லம்" என்று வெட்டினால் மட்டும் எழுத்து நடக்க ஆரம்பித்துவிடுகிறது. ஐந்து சுற்றாக ஆழப்படுத்தி வெட்டும் வேலை அது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சற்றே வலப்பக்கம் நகர்ந்திருந்ததால், 'ன்னை'யின் இடப்பக்கச் சுவர் தெப்பக்குளப் படிக்கட்டைப் போல இறங்கியது. மேலிருந்து கீழே வருவதற்குள் மொத்தமாக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருந்தது.

இந்த மாதிரி மெஷின்களில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்) என்று காலடி வைப்பதைப் போல எண்ணி எண்ணித் திரும்பும். "இத்தனை அடி போ" என்று துடிப்புகளை அனுப்பும் கட்டுப்பாட்டுப் பலகை, மோட்டார் உண்மையில் போனதா என்று திரும்பிக்கூடப் பார்க்காது. பையனைப் பால் வாங்க அனுப்புகிற வீட்டில்கூட இவ்வளவு நம்பிக்கை கிடையாது.

சேதி தெருவுக்குத் தெரிந்ததும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எர்த் சரியில்லை என்றார் எலக்ட்ரீஷியன். மைத்துனனின் நண்பர் ஒருவர் மோட்டாருக்கு வேகத்தில் பலம் போதவில்லை, வோல்டேஜைக் கூட்டு என்றார். அதை நம்பி 24 வோல்ட் பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு 36 வோல்ட் வாங்கி மாட்டியிருந்தான். பணம் போனது, படிக்கட்டு போகவில்லை. என் மாமியார் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் அடிக்கிறதே" என்று ஈரத் துணியைச் சுற்றிவிட்டார். ஸ்டெப்பர் மோட்டார் சும்மா நிற்கும்போதும் கரண்ட் குடிக்கும், சூடாகத்தான் இருக்கும் என்று நான் விளக்கியதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சும்மா நிற்பதற்கு எதற்குச் சூடு என்று கேட்டார். எனக்கு இன்றுவரை நல்ல பதில் அகப்படவில்லை.

கடைசியில் மூலை வீட்டுப் பெரியவரை அழைத்தோம். லேத் பட்டறையிலேயே தலை நரைத்தவர். வந்தவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, மோட்டார் தண்டிலிருந்து, அதை ஸ்குரூ தண்டோடு இணைக்கும் கப்ளிங் மீதும், அங்கிருந்து கட்டரை நகர்த்தும் அந்த ஸ்குரூ தண்டின் மீதும் ஒரே நேர்கோடாக இழுத்தார். பலகை ஒன்றை முழுதாக ஓட்டச் சொன்னார். முடிந்ததும் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். கோடு எங்கும் உடையவில்லை. கப்ளிங்கைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் கிரப் ஸ்குரூ தளர்ந்து வழுக்கியிருந்தால் கோடு இரண்டு துண்டாகியிருக்கும். பாதிப் பேர் வீட்டில் வியாதி அதுதான். இங்கே இல்லை.

"ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் தம்பி. இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது" என்று சொல்லிவிட்டு, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வீட்டிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அதன் காந்தத் தாங்கி மெஷினில் ஒட்ட மறுத்தது. சட்டம் முழுக்க அலுமினியம். பெரியவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அடுத்த ஐந்து நிமிடத்தில் மாமியாரின் இரும்புத் தோசைக்கல் மாடிக்கு வந்து மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டது. சாயங்கால டிபனுக்குள் கல் கீழே வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பத்து மில்லிமீட்டர் வலம், பத்து மில்லிமீட்டர் இடம். இப்படி நூறு தடவை போய்வரச் சொன்னார். நின்றபோது டயல் முள் 25 கோடு தள்ளி நின்றது. கோடு ஒன்றுக்கு 0.01 மில்லிமீட்டர். வேகத்தை இரட்டிப்பாக்கினோம்: 25. முடுக்கத்தைக் கால் பங்காகக் குறைத்தோம்: அப்போதும் 25.

"பலம் போதாத மோட்டார் இப்படி நாணயமாகத் தோற்காது" என்றார் பெரியவர்.

அந்த இடத்தில்தான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் டிரைவர் என்ற பலகை, ஒவ்வோர் அடியையும் 16 நுண்ணடியாகப் பிரிக்கிறது. ஆக, சுற்றுக்கு 3200 நுண்ணடி, மில்லிமீட்டருக்கு 400. ஒரு நுண்ணடி 0.0025 மில்லிமீட்டர். நூறு தடவை போய்வந்ததில் 0.25 தவறியது என்றால், ஒவ்வொரு போக்குவரத்துக்கும் சரியாக ஒரே ஒரு நுண்ணடி. பளு தாங்காமல் மோட்டார் வழுக்கினால் அது நான்கு முழு அடிகளின் மடங்காகத்தான் வழுக்கும். இந்த மெஷினில் குறைந்தது 0.16 மில்லிமீட்டர், ஒரே தாவலில். இது தாவிய கணக்கே அல்ல, சில்லறையாகக் களவு போன கணக்கு.

தமிழ் வராததன் மர்மமும் அதோடு விளங்கியது. சதுரம் வெட்டினால் கட்டர் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் போய்வரும். நம் எழுத்துகளோ சுழியிலேயே குடியிருப்பவை. 'ன்னை' ஒன்றைக் குடைந்தெடுப்பதற்குள் இட வலமாக நகர்த்தும் எக்ஸ் அச்சு எத்தனை தடவை திசை மாறுகிறது என்று எண்ணப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

திசை மாறும்போது மட்டும் ஒரு நுண்ணடி தவறினால் சந்தேகம் வயரிங் மீதுதான் போக வேண்டும். திசைக் கம்பியில் சேதி போய் நிலைத்த பிறகே அடிக்கான துடிப்பு வர வேண்டும். சில மைக்ரோ விநாடி இடைவெளி போதும். துடிப்பைத் தலைகீழாகக் கொடுத்தால் டிரைவர் அதைத் தொடக்கத்தில் எண்ணாமல் முடிவில் எண்ணும்; திசை மாறுகிற நொடியில் கணக்குத் தவறிவிடலாம். தீபாவளியின்போது எக்ஸ் அச்சின் டிரைவர் எரிந்துபோய்ப் புதிதாக மாட்டியிருந்தார்கள். மாட்டிய புண்ணியவான், மற்ற இரண்டுக்கும் மைனஸைப் பொதுவாக வைத்திருப்பதைப் பார்க்காமல் இதற்கு மட்டும் பிளஸைப் பொதுவாக்கிவிட்டிருந்தார். மெஷினை ஓட்டுவது ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் என்பதால் கம்பியைத் தொடக்கூடத் தேவைப்படவில்லை. துடிப்பைத் திருப்பிப்போடும் இரண்டாம் எண் செட்டிங்கை 0-விலிருந்து 1 ஆக்கினான் மைத்துனன்.

நூறு தடவை போய்வந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது.

நாங்கள் கை தட்டிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் கவனித்தோம். மூன்று பேரும் கணினித் திரையில் குனிந்திருந்த நேரத்தில், மாமியார் மெஷினின் குறுக்குச் சட்டத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் நான்கு பச்சை மிளகாயையும் கோத்துக் கட்டியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

"பார்த்தீர்களா மாப்பிள்ளை, எல்லாம் கண் திருஷ்டி" என்றார்.

மைத்துனன் சட்டென்று, "பழத்தைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே" என்றான். அவர் பார்த்த பார்வையில் நீட்டிய கையைத் தானாகவே இழுத்துக்கொண்டான். இருவரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் டயல் கேஜை மஞ்சள் துணியில் நிதானமாகச் சுற்றிக்கொண்டே, "பழம் இருக்கட்டும். செட்டிங்கைப் பழையபடி மாற்றி ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்" என்றார்.

"ஓடுகிற மெஷினை எதற்கு நோண்டுகிறீர்கள்? மணி ஆறாகிறது, தோசைக்கல்லைக் கொடுங்கள்" என்றார் மாமியார்.