சிதறிப்போன ஹார்ட் டிஸ்க்: டிஃப்ராக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கடலூரில் கணக்கு எழுதும் அறைகளிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் 500 ஜிபி, 1 டிபி சுழலும் ஹார்ட் டிஸ்க்குகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. டாலி திறக்க ஐந்து நிமிடம் ஆகும். கல்யாண போட்டோ ஃபோல்டரைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதுதான் ஃபிராக்மென்டேஷன், அவற்றை ஒன்றுசேர்க்கும் வேலை டிஃப்ராக். "டிஃப்ராக் ஓட விட்டுட்டுப் போங்க, காலையில சரியாயிடும்" என்பதுதான் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் சரியாகும். சாகக் கிடக்கிற டிஸ்க்காக இருந்தால், ராத்திரி முழுக்க ஓட வைத்து நாமே அதன் கதையை முடித்துவிடுவோம்.

அதனால் முதல் வேலை, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள். இலவசம், இன்ஸ்டால் செய்யாமலும் ஓடும். அதில் நான்கு வரிகள் போதும்: 05, சி5, சி6, சி7. 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னச் சின்னப் பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6, சோதித்தும் மீளாதவை. எண்கள் ஹெக்ஸில் வரும், மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சி5 அல்லது சி6 பூஜ்யமாக இல்லையென்றால் டிஃப்ராக் கூடாது, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை /ஆர் போட்டு ஓட்டுவதும் கூடாது. இரண்டுமே மெலிந்த இடங்களை மீண்டும் மீண்டும் படிக்க வைக்கும். முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

சி7 வேறு சமாச்சாரம். அது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் வழியாக வரும் டேட்டாவில் பிழை. தேவனாம்பட்டினம், முதுநகர் என்று கடலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சிஸ்டங்களில் இதை எதிர்பார்க்கலாம். உப்புக்காற்றும் ஈரமும் சாட்டா கனெக்டரைக் கறுக்க வைக்கும். பிழை வந்த ஒவ்வொரு தடவையும் டேட்டா திரும்ப அனுப்பப்படுவதால் சிஸ்டம் நின்று நின்று போகும், பார்ப்பதற்கு அச்சு அசல் ஃபிராக்மென்டேஷன் போலவே இருக்கும். புது சாட்டா கேபிள் மாட்டி, கனெக்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். சி7 எண் ஒருபோதும் குறையாது. கேபிள் மாற்றிய பிறகு ஏறாமல் நின்றால் கோளாறு அங்கேதான் இருந்தது என்று பொருள்.

டிஸ்க் தேறிவிட்டது என்றால், சிதறலால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி. தேடும் இடம், டேட்டாவைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 4.2. தலை நகர இன்னொரு 9 வைத்துக்கொண்டால் ஒரு துண்டுக்கு 13 மில்லிவினாடி. 1 ஜிபி ஃபைல் ஒரே துண்டாக இருந்தால் நொடிக்கு 100 எம்பி வீதம் 10 வினாடியில் முடியும். அதுவே 20,000 துண்டாகக் கிடந்தால் கூடுதலாக 260 வினாடி. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே நொடிக்கு 1, 2 எம்பி மட்டும் ஓடுகிறது என்றால் தலை அலைந்துகொண்டிருக்கிறது. ஆனால் அலைய வைப்பது ஆன்டிவைரஸாகவோ விண்டோஸ் அப்டேட்டாகவோ கூட இருக்கலாம். அவை அடங்கிய பின்னும் அதே நிலை என்றால்தான் ஃபிராக்மென்டேஷனைச் சந்தேகிக்க வேண்டும்.

அளந்து பார்க்க, அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து டிஃப்ராக் கட்டளையை டிரைவ் எழுத்து, /ஏ, /வி என்று கொடுங்கள். எதையும் நகர்த்தாது, அறிக்கை மட்டும் தரும். எல்லோரும் சதவீதத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு: ஒரு ஃபைலுக்குச் சராசரி எத்தனை துண்டு, தொடர்ச்சியாகக் கிடைக்கும் பெரிய காலியிடம் எவ்வளவு. 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வெளி மென்பொருள் 30 சதவீதம் என்று சிவப்பில் அலறும், விண்டோஸ் 2 என்று சும்மா இருக்கும். வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது. கல்யாண வீடியோ நான்கு பெரிய துண்டாகக் கிடப்பதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

மோசமான சிதறலுக்கு மூல காரணம் பெரும்பாலும் இடப் பற்றாக்குறை. டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டியபின் புது ஃபைலுக்குப் பெரிய இடம் கிடைக்காது, கிடைத்த பொந்துகளில் எல்லாம் எழுதும். டிஃப்ராக்குக்கும் அதே கதி, துண்டுகளை இறக்கி வைத்துச் சேர்க்க இடம் வேண்டும். 15 சதவீதமாவது காலி இல்லாமல் தொடங்காதீர்கள். ஸ்டுடியோ சிஸ்டமாக இருந்தால் எடிட்டிங் மென்பொருளின் கேஷ் ஃபோல்டரே பல ஜிபி தரும். ஹைபர்னேஷன் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு சிஸ்டத்தை அணைக்கும் வசதி) தேவையில்லை என்றால் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் /ஹெச் ஆஃப் கொடுங்கள், ரேமில் கணிசமான பங்கு அளவுக்கு இடம் திரும்பும். பழைய ரெஸ்டோர் பாயின்ட்டுகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். டிஃப்ராக் ஓடும்போது அவை தாமாக அழிந்துபோகவும் வாய்ப்புண்டு என்பதால், அவற்றை நம்பி இருக்காதீர்கள்.

சி டிரைவுக்கு விண்டோஸின் சொந்த டிஃப்ராக்கே போதும். ஆனால் ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ்ஃபைல் அதில் நகராது. அதைச் சரிசெய்ய நினைத்தால் விர்ச்சுவல் மெமரியை 'இல்லை' என்று வைத்து ரீஸ்டார்ட், பிறகு டிஃப்ராக், பிறகு தொடக்க அளவும் உச்ச அளவும் ஒன்றாகக் கொடுத்து மீண்டும் ரீஸ்டார்ட். 4 ஜிபி ரேம் சிஸ்டத்தில் பேஜ்ஃபைல் இல்லாத நேரத்தில் வேறு எதையும் திறக்க வேண்டாம்.

டி டிரைவில் முக்கால்வாசி நிரம்பிக் கன்னாபின்னாவென்று சிதறியிருந்தால், டிஃப்ராக்கை மறந்துவிடலாம். வெளியே காப்பி செய்து, ஃபார்மட் செய்து, திரும்பக் கொண்டுவருவதே வேகம். ஃபைல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும்போது தாமாகவே ஒட்டி அமரும். கையில் ஒரு பேக்கப்பும் மிஞ்சும். லேப்டாப்புகளில் வரும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குக்கு இதைத் தவிர வேறு வழி சொல்ல மாட்டேன். அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால் சின்ன மாற்றத்துக்கும் ஒரு பட்டை முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். டிஃப்ராக் நாள்கணக்கில் இழுக்கும்.

காப்பிக்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள். /இ கொடுத்தால் உள்ஃபோல்டர்கள் எல்லாம் வரும். /ஆர்:1 /டபிள்யூ:1 கட்டாயம், கொடுக்காவிட்டால் படிக்க முடியாத ஒரே ஃபைலுக்காக 30 வினாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முட்டிக்கொண்டிருக்கும். /எம்டி போடாதீர்கள், பல ஃபைலை ஒரே நேரத்தில் எழுதப்போய்த் தலை மறுபடி அலையும். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரை /எக்ஸ்டி கொடுத்து விலக்குங்கள். டாலியை எல்லாச் சிஸ்டத்திலும் மூடிவிட்டு, அதன் சொந்த பேக்கப்பையும் தனியாக எடுத்து வையுங்கள். 500 ஜிபிக்கு யுஎஸ்பி 2.0 வழியாக நான்கு மணி நேரம், 3.0 வழியாக நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் ஒன்றரை மணி நேரம். ஃபார்மட்டுக்கு முன் இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த பைட்டையும் ஒப்பிட்டு, நான்கைந்து பெரிய ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். ஃபார்மட் ஆனதும் கையில் இருப்பது ஒரே பிரதிதான், ஆகவே முடிந்தால் இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு காப்பி.

ஃபார்மட்டில் 'குவிக்' டிக்கை எடுத்துவிடுங்கள். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். 1 டிபிக்கு மூன்று மணி நேரம் வரை ஆகும், ஆனால் ஒளிந்திருக்கும் கெட்ட செக்டர்கள் அப்போதே வெளிவரும். முடிந்ததும் சி5-ஐத் திரும்பப் பாருங்கள். ஏறியிருந்தால் அந்த டிஸ்க்குக்கு எதையும் திரும்பக் கொண்டுபோக வேண்டாம்.

டிஃப்ராக் ஓடும்போது கரண்ட் போனால்? விண்டோஸின் வழக்கமான ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ், ஃபைலைப் புது இடத்தில் எழுதிய பிறகே எது எங்கே என்ற வரைபடத்தை மாற்றும், அதுவும் ஜர்னல் என்ற தன் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டு. பெரும்பாலும் ஃபைல் பிழைக்கும். பழைய அமைப்பான எஃப்ஏடி32-க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எதுவானாலும் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். கத்திரி வெயிலில் மதியம் இந்த வேலை வேண்டாம். டிஸ்க் 50 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட்டு விடியற்காலையில் தொடருங்கள்.

சிசிடிவி பதிவாகும் பார்ட்டிஷனை டிஃப்ராக் செய்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், பழையதை அழித்துப் புதியது எழுதிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் தேவையில்லை, டிஃப்ராக் கட்டளையில் /எல் கொடுத்தால் டிரிம் (அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) மட்டும் நடக்கும். விண்டோஸ் அதை வாராவாரம் தானே செய்கிறது.