ஓரியூருக்கு நேர்ச்சை கொண்டு போகிறவர்களுக்கு

திருவாடானைப் பக்கம் பாம்பாற்றங்கரையில் இருக்கும் ஓரியூருக்குத் தவக்காலத்தில் போவது பொருத்தம். போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே தலை வெட்டுண்ட 1693 பிப்ரவரி 4, அந்த ஆண்டில் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதன். அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பப்படும் செம்மண்ணை நெற்றியில் பூசுகிறோம், வீட்டுக்கும் எடுத்துப்போகிறோம். முடியிறக்கி, ஆடு நேர்ந்து, அசனமும் (பொது விருந்து) போடுகிறோம். சோதனையை வெல்ல வரம் கேட்பவர் அவரையே சோதித்தவை எவை என்றும் பார்க்கவேண்டும்.

சோதனை என்றால் குடியும் சூதும்தான் நமக்கு நினைவு வரும். அவருக்கு வந்ததோ மரியாதையான சோதனை. 1687இல் தம் துறவு சபையின் வேலையாகப் போர்ச்சுகல் போனவரை, சிறுவயதில் அரண்மனையில் கூட இருந்த அரசர் பேதுரு, இங்கேயே இருந்துவிடும் என்றார். அங்கே தங்குவது பாவம் ஒன்றுமில்லை. ஆனாலும் 1690இல் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

அவரிடம் ஞானஸ்நானம் கேட்ட மறவர் தலைவர் தடியத் தேவரின் கதையில் வரிசையைக் கவனியுங்கள். பல மனைவியர் இருந்த அவர், ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டை ஒழுங்குபடுத்திய பிறகே 1693 ஜனவரி 6இல் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்ட மனைவி கடலாயி, இராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. முறையீடு அரண்மனைக்குப் போனது; அது அருளானந்தரின் கொலையில் முடிந்தது. (அவள் கோபத்திலும் நியாயம் உண்டு. பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை.)

நாம் வரிசையை மாற்றிவிடுகிறோம். செம்மண் பூசி, ‘இனிமேல் தொடமாட்டேன்’ என்று நேர்ந்துவிட்டு, பாவத்துக்கு இழுக்கும் சந்தர்ப்பத்தை அப்படியே விட்டுவைக்கிறோம். கரையில் மீன்பாட்டின் பங்குப் பணம் வாங்கிய கையோடு டாஸ்மாக் வழியாக வீடு திரும்புகிறவர் ஓரியூருக்கு எத்தனை தடவை போனாலும் விழுவார். பணம் வேறொருவர் கைக்குப் போகவேண்டும், அல்லது வழி மாறவேண்டும். இதைப் புறப்படுமுன்பே முடிவுசெய்யுங்கள்.

அருளானந்தர் இயேசு சபைத் துறவி. அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்ன தனி ஆய்வு இல்லறத்தாருக்கும் ஏற்றது. ஒரே ஒரு குற்றத்தை எடுங்கள். காலையில் எழுந்ததும் அதைத் தவிர்க்கத் தீர்மானம். விழும்போதெல்லாம் நெஞ்சில் கைவையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் மணிவாரியாக நினைத்துப் பார்த்து, எத்தனை தடவையோ அத்தனை புள்ளியை ஒரு கோட்டில் இடுங்கள். நேற்றைய கோட்டோடு ஒப்பிடுங்கள். கெட்டுப்போவது இரண்டு இடத்தில்: ஒரேயடியாக நாலு குற்றத்தை எடுப்பது; அதிகமாக விழுந்த நாளில் வெட்கப்பட்டுப் புள்ளி வைக்காமல் விடுவது. அந்த நாளின் கோடுதான் எந்த மணிக்கு எங்கே காவல் வேண்டும் என்று காட்டும்.

மனம் வறண்ட நாளில் பழைய தீர்மானத்தை மாற்றக்கூடாது. அரைமணி செபம் பாரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் செபியுங்கள். குறைத்தால் மறுநாள் இன்னும் குறையும்.

ஒருசந்தி நோன்பு பற்றி ஒரு வார்த்தை. விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் முழுச் சாப்பாடு ஒருவேளைதான், மற்ற இரண்டு வேளை கொஞ்சம். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையாதவர் வரை கடமை, நோயாளிக்கு இல்லை. பட்டினியின் எரிச்சலைப் பிள்ளைகள்மேல் காட்டுவதானால் அன்றைய புள்ளியை அதற்கு வையுங்கள்.

சாத்தான் இரகசியத்தை விரும்புகிறவன் என்பார் இஞ்ஞாசியார். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை தடவை என்பதோடு, எந்த நேரம், யாரோடு, எங்கே என்பதையும் குருவிடம் சொல்லுங்கள். எண்ணிக்கை மட்டும் சொன்னால், அவர் பரிகாரமாகக் கொடுப்பதும் மூன்று அருள்நிறை மந்திரத்தோடு நின்றுவிடும்.