தொரப்பாடி மதிலும் மே 21-ம்

சென்னைக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் ஶ்ரீபெரும்புதூர் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவேன். 1991 மே 21 இரவு அங்கே ராஜீவ் காந்தியின் தேர்தல் கூட்டத்தில் மாலையோடு நெருங்கிவந்த பெண் வெடித்த குண்டு, அவரோடு பாதுகாப்புக்கு நின்ற காவலர்களையும் பார்க்க வந்த எளியவர்களையும் கொன்றது. படமெடுக்க வந்த இளைஞரும் இறந்தார். சிதையாமல் கிடைத்த அவருடைய கேமராச் சுருளே கொலையாளிகளின் முகத்தைக் காட்டியது.

மறுநாள் வேலூரில் கடைகள் திறக்கவில்லை. வானொலியின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்த அப்பா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு ஜூனுக்குத் தள்ளிப்போனது.

வழக்கின் நீண்ட பின்கதையில் பெரும்பகுதி எங்கள் ஊரின் தொரப்பாடிச் சிறைக்குள்தான் நடந்தது. 1998-இல் 26 பேருக்கு மரண தண்டனை. 1999-இல் உச்ச நீதிமன்றம் அதை நால்வருக்கு மட்டும் உறுதிசெய்தது; மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது, மற்றவர்களை விடுவித்தது. நால்வரில் ஒருவரான நளினியின் தண்டனை பிறகு ஆயுளானது. 2011 செப்டம்பர் 9 அன்று எஞ்சிய மூவரைத் தூக்கிலிட நாள் குறித்தபோது, தொரப்பாடி மதிலோரம் நடக்கவே எனக்குக் கால் வரவில்லை. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கருணை மனு 11 ஆண்டுகளுக்கு மேல் கிடந்ததால் 2014-இல் அவர்கள் தண்டனையும் ஆயுளாகக் குறைந்தது. 2022-இல் சிறையில் எஞ்சியிருந்த எழுவரும் விடுதலையானார்கள்.

தூக்கு வேண்டாம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் விடுதலை நாளில் பட்டாசு வெடித்தவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அன்றிரவு பணிக்குப் போய்த் திரும்பாத காவலர்களின் வீடுகளில் யார் போய் உட்கார்ந்தார்கள்?