லிங்க் சுருக்கச் சொல்லும் இன்டர்வியூ

பத்துப் பதினைந்து பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலைக்குப் போனால், "பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கு" மாதிரியான பாடப் புதிர் கொடுப்பது குறைவு. "நீளமான லிங்க்கைச் சுருக்கித் தர்ற ஒரு சர்வீஸ் எழுதுங்க, ஒன்றரை மணி நேரம்" என்ற மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள். பார்க்கச் சுலபம். ஆட்களை வடிகட்டுவது இதில்தான்.

எடுத்தவுடன் கோடு எழுத வேண்டாம். நாளுக்கு எத்தனை லிங்க் வரும், கிளிக் எண்ணிக்கை வேண்டுமா, லிங்க் காலாவதியாகுமா என்று கேட்டு, பதிலை ரீட்மியில் (நிரலோடு வைக்கும் விளக்கக் கோப்பு) எழுதி வையுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் நல்ல தகவல்தான்.

ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு குட்டிக் குறியீடு வேண்டும். பலர் அதற்கு லிங்க்கை எம்டி5 ஹாஷாக (எந்த எழுத்தையும் ஒரே நீளக் குறியாக்கும் கணக்கு) மாற்றி, முதல் ஏழு எழுத்தை வெட்டி எடுப்பார்கள். அது ஹெக்ஸில், அதாவது 0 முதல் 9, a முதல் f வரை வைத்து எழுதப்படுவது, ஓர் இடத்துக்கு 16 குறிகள்தான். ஏழு இடத்துக்கு சுமார் 26.8 கோடி. தாராளம் போலத் தோன்றும். ஆனால் ஏறக்குறைய 19,000 லிங்க் சேர்ந்ததுமே ஏதோ இரண்டுக்கு ஒரே குறியீடு வந்து மோதிக்கொள்ள பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிற்றெழுத்து, பேரெழுத்து, இலக்கம் என 62 குறிகளில் ரேண்டமாக ஏழு எடுத்தால் 3.5 லட்சம் கோடி வரும். லிங்க்கின் வரிசை எண்ணையே 62 அடிமானத்துக்கு (அதே 62 குறிகளால் எழுதும் எண்முறை) மாற்றினால் மோதல் இல்லை. ஆனால் அடுத்த லிங்க்கை யாரும் ஊகித்துவிடலாம்.

ரேண்டமிலும் மோதல் வரலாம். "செலக்ட் போட்டு டேட்டாபேஸில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இன்செர்ட் போட்டுச் சேர்" என்பது அடுத்த பள்ளம். இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்குமே "இல்லை" என்றுதான் பதில் வரும். ஒரே குறியீடு இரண்டு முறை சேராமல் டேட்டாபேஸே தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் வைத்து நேராக இன்செர்ட் செய்யுங்கள். தோற்றால் புதுக் குறியீட்டோடு மறுபடி. மூன்று முறைக்கு மேல் தோற்றால் எரர் கொடுத்துவிடுங்கள், முடிவில்லாத லூப் வேண்டாம்.

டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் இன்னொரு வில்லங்கம். அதன் வழக்கமான கொலேஷனுக்கு (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. குறியீட்டை வைக்கும் நெடுவரிசைக்கு (column), இரண்டையும் வேறாகப் பார்க்கும் பைனரி கொலேஷன் வைக்காவிட்டால் 62 என்ற கணக்கு 36 ஆகச் சுருங்கிவிடும். கேட்காமலே இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சுருக்கிய லிங்க்கிலிருந்து நிஜ லிங்க்குக்குத் திருப்பிவிடும்போது சர்வர் ஒரு எண் தரும். கிளிக் எண்ண வேண்டுமென்றால் அது 301 (நிரந்தரம்) ஆகக் கூடாது. பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்கள் சர்வருக்கே வராமல் போகலாம். 302 (தற்காலிகம்) போடுங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் தவிர வேறெதில் தொடங்கும் லிங்க்கையும் ஏற்காதீர்கள். டெஸ்ட் மூன்று போதும்: சரியான லிங்க், தப்பான லிங்க், மோதல்.

கடைசியில் நீங்கள் கேட்க வேண்டியவை: கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, ராத்திரி சர்வர் விழுந்தால் யார் எழுந்திருப்பது. ஈசாப் (ஊழியருக்கு நிறுவனப் பங்கை வாங்கத் தரும் உரிமை) தருவதாகச் சொன்னால் நிறுவனத்தின் மொத்தப் பங்கு எத்தனை, உங்களுக்கானதை என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று கேளுங்கள். நான்கு வருட வெஸ்டிங் (உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வருவது), முதல் வருடம் முடியாமல் ஒன்றும் கிடையாது என்பது வழக்கமான ஏற்பாடு. நம் நாட்டில் பொதுவாக, பங்கை வாங்கும்போதே, அதன் அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத் தொகைக்குச் சம்பளம் போல வரி உண்டு. விற்றுக் காசு வரும்வரை காத்திருக்காது.