பிராடர்-வில்லி கேள்வி வந்தால்

பிராடர்-வில்லி (15ஆம் நிறமூர்த்தக் கோளாறால் அடங்காத பசியும் தசைத்தளர்வும் வரும் நோய்க்குறி) போன்ற, பரம்பரையலகுக் கோளாறால் வரும் உடற்பருமன் பற்றிக் கேள்வி வந்தால் நம்மில் பலர் பசி, லெப்டின் (கொழுப்பிலிருந்து சுரந்து பசியை அடக்கும் ஓமோன்), 15ஆம் நிறமூர்த்தம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுவோம். சக்திச் செலவை எப்படி அளப்பது என்ற பகுதிக்கு வரும்போது நேரம் போயிருக்கும். புள்ளி கிடப்பதோ அங்கேதான். நான் இறுதியாண்டுப் பரீட்சைக்குப் படித்தது கிளிநொச்சியில், வீட்டில் இருந்தபடி. கருவி எதுவும் கைக்கெட்டாததால் எல்லாவற்றையும் கணக்காகவே படித்தேன்.

முதலில், மூச்சு வாயுக்களிலிருந்து சக்திச் செலவைக் கணிக்கும், 1949இல் வந்த வெயர் சமன்பாடு. உள்ளெடுத்த ஒட்சிசன் லீற்றரை 3.94 ஆலும் வெளிவிட்ட காபனீரொட்சைட்டை 1.11 ஆலும் பெருக்கிக் கூட்டினால் கிலோகலோரி. அப்புறம் இரட்டை அடையாளமிட்ட நீர், அதாவது பாரமான ஐதரசன்-2, ஒட்சிசன்-18 இரண்டும் சேர்த்த நீரைக் குடிக்கக் கொடுத்து அளக்கும் முறை. குடித்த ஐதரசன்-2 நீராக மட்டும் வெளியேறும். ஒட்சிசன்-18 காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்தில் காபனீரொட்சைட்டு உற்பத்தி தெரியும். வழமையான வாழ்க்கையிலேயே ஒன்றிரண்டு கிழமைக்கு அளக்கலாம். ஒட்சிசன்-18இன் விலைதான் கையைக் கடிக்கும்.

இனித்தான் முக்கியமான இடம். பிராடர்-வில்லி உள்ள பிள்ளையின் ஓய்வுச் சக்திச் செலவு, அதே நிறையுள்ள மற்றப் பிள்ளையை விடக் குறைவாக வரும். உடனே 'அனுசேபம் மந்தம்' என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தசை குறைவு, கொழுப்புக் கூட. கொழுப்பற்ற திணிவைக் கணக்கில் எடுத்தால் வித்தியாசத்தின் பெரும்பகுதி காணாமல் போய்விடும். வளர்ச்சி ஓமோன் ஊசி தசையைக் கூட்டுவதால், ஊசி போடும் பிள்ளையா என்பதையும் கேட்கவேண்டும். நாள் முழுதுக்குமான செலவு குறைவதில் அசைவு குறைவதற்கும் பங்குண்டு. லெப்டினே சுரக்காத பிள்ளைகளில் கதை வேறு: ஓய்வுச் செலவு உடலமைப்புக்கு ஏற்றபடிதான், அடங்காத பசிதான் பிரச்சினை.

அசைவை அளக்க முடுக்கமானி. இடுப்பில் கட்டினால் அதற்குச் சைக்கிள் மிதிப்பது சரியாகப் பிடிபடாது. பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிளில் பள்ளிக்கூடம் வரும் பிள்ளை அதன் கணக்கில் சும்மா இருந்த பிள்ளை! வாய்க்காலில் குளிக்கக் கழற்றி வைத்தால் அந்த நேரமும் போச்சு. இன்னொன்று, கருவியின் எல்லைப் பெறுமானங்கள் (எவ்வளவு அசைந்தால் இலேசான அசைவு, எவ்வளவு என்றால் கடுமையானது என்று பிரிக்கும் எண்கள்) பெரும்பாலும் தசைத்தளர்வு இல்லாத பிள்ளைகளை வைத்துப் பெறப்பட்டவை. தளர்ந்த தசையோடு நடக்கும் பிள்ளைக்கு அவை அப்படியே பொருந்தா.

ஓய்வுச் செலவுக்குப் பொதுவாக எடுக்கும், கிலோகிராமுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசன் என்ற எண்ணையும் கவனியுங்கள். கொழுப்புக் கூடிய உடலில் உண்மைப் பெறுமானம் அதைவிடக் குறைவு. வாய்மொழிப் பரீட்சையில் என்னைத் துருவித் துருவிக் கேட்டது இதைத்தான்.